வண்ணம் பூசிய மரச் சுரூபங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறக்குறைய 1430 முதல் 1530 வரை, நூறு ஆண்டுகள். இன்றைய தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து, பெல்ஜியம் ஆகிய பகுதிகளில் ஆலயம் ஆலயமாக மரத்தில் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டிய சுரூபங்களை நிறுத்தினார்கள். அருங்காட்சியகத்திலோ படத்திலோ அவற்றைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் புழங்கும் சுரூபம் (இயேசு, மாதா, புனிதர்களின் உருவம்), பீடம் (இங்கே, பலிபீடத்துக்குப் பின்னால் சுரூபங்களோடு நிற்கும் மரப்பேழை), மங்கள வார்த்தை (மாதாவுக்கு வானதூதர் கபிரியேல் செய்தி சொன்ன காட்சி) போன்ற சொற்களையே பயன்படுத்துகிறேன். இந்த விஷயத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் எனக்குத் தெரியவில்லை.

இவை சிற்பங்களா, ஓவியங்களா?

இரண்டும்தான். கலை வரலாறு படிக்கும்போது சிற்பத்துக்கு ஒரு பாடம், ஓவியத்துக்கு ஒரு பாடம் என்று பிரித்துப் படித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில், இதைச் 'சிற்பம், மேலே கொஞ்சம் பெயின்ட்' என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் காலத்து மனிதருக்கு வண்ணம் ஏறாத சுரூபம் பாதி முடிந்த வேலை. கன்னத்தில் சிவப்பு ஏறி, கண்ணில் கருமணி வந்து, அங்கி பொன்னாக மின்னினால்தான் அது மாதா. அதற்கு முன் அது மரம். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: வண்ணத்தை உரித்துவிட்டால் பாதிச் சுரூபம் போய்விட்டது என்று பொருள்.

என்ன மரம்?

இடத்துக்கு இடம் மாறும். தெற்கு ஜெர்மனியில் லிண்டன் மரம். வட ஜெர்மனியிலும் பெல்ஜியப் பகுதிகளிலும் பெரும்பாலும் ஓக், சிறிய உருவங்களுக்கு வால்நட்.

லிண்டன் மென்மையான மரம். ரேகைகள் சீராக, நெருக்கமாக இருக்கும். உளி எந்தப் பக்கம் போனாலும் பிசிறு அதிகம் வராது. ஓக் அப்படியில்லை, அதன் ரேகை உளியோடு மல்லுக்கு நிற்கும். தெற்கு ஜெர்மன் சுரூபங்களில் துணி மடிப்புகள் காற்றில் பறப்பதுபோல் சுருண்டும், தாடி மயிர் சுருள் சுருளாகவும் வருகிறதே, அதில் பாதிப் பெருமை இந்த மரத்துக்குப் போக வேண்டும்.

சுரூபத்தின் முதுகு ஏன் குடைந்து, கூடாக இருக்கிறது?

அருங்காட்சியகத்தில் பின்பக்கம் போய்ப் பார்ப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும் எல்லோரிடமும் சொல்வேன், உளித் தடங்கள் அங்கேதான் அப்படியே நிற்கின்றன.

முழு மரத்துண்டு உலரும்போது வெளிப்புறம் முதலில் சுருங்கும், நடுப்பகுதி அந்த வேகத்தில் சுருங்காது. அந்த இழுபறியில் மரம் வெளியிலிருந்து மையம் வரை வெடிக்கும். முகத்தின் நடுவே அப்படி ஒரு வெடிப்பு விழுந்தால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் மரத்தின் மையத்தைப் பின்பக்கமாகத் தோண்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது ஓடு மாதிரி என்பதால் சுருங்கினாலும் வெடிக்காது. எடையும் குறையும். பேழைக்குள் சுவரோடு நிற்கப்போகும் உருவத்துக்கு முதுகு தேவையும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பல சுரூபங்களின் உச்சந்தலையில் ஒரு துளை இருக்கும், மரமுளை அடித்து மூடியிருப்பார்கள். செதுக்கும்போது மரத்தைப் படுக்கவைத்து, தலையிலும் அடியிலும் இரும்பு முனை கொடுத்துப் பிடித்திருந்த அடையாளம் அது. திருப்பித் திருப்பி வேலை செய்ய வசதி. அதாவது நிற்கும் மாதாவைச் சிற்பி படுத்த நிலையில் வைத்துத்தான் செதுக்கினார்.

செதுக்கியவரே வண்ணமும் தீட்டினாரா?

பெரும்பாலும் இல்லை. பல நகரங்களில் சிற்பிகளுக்கு ஒரு சங்கம், ஓவியர்களுக்கு ஒரு சங்கம். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. பேழையின் சட்டத்தைச் செய்யும் தச்சர் மூன்றாவது ஆள். விதிவிலக்குகள் உண்டு: மிக்கேல் பாகர் செதுக்கவும் செய்தார், தீட்டவும் செய்தார். ஆஸ்திரியாவின் சாங்ட் வொல்ப்காங் ஊரில் 1471இல் ஒப்பந்தம் போட்டு 1481இல் முடித்த அவருடைய பீடம் இன்னும் அதே ஆலயத்தில், பழைய வண்ணத்தோடு நிற்கிறது.

ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் இந்தப் பிரிவு இன்னும் வெளிப்படை. அங்கே ஆர்டர் வருவதற்காகக் காத்திருக்காமல் செய்து வைத்துச் சந்தையில் விற்றார்கள், வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். வாங்குபவர் ஏமாறக் கூடாது என்று சங்கமே முத்திரை வைத்தது. ஆன்ட்வெர்ப் மரவேலைக்குக் கை முத்திரை, வண்ண வேலைக்குக் கோட்டை முத்திரை. மரம் நல்ல மரமா என்று ஒரு சோதனை, தங்கம் நல்ல தங்கமா என்று தனியாக ஒரு சோதனை. இன்றும் அந்த முத்திரைகளைச் சுரூபங்களில் தேடிப் பார்க்கலாம்.

வண்ணம் எப்படி ஏறியது?

இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஒரே கோட் பெயின்ட் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முதலில் சூடான வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. மரம் அதைக் குடித்து இறுகும். மரத்தில் கணு இருக்கும் இடத்திலும் துண்டுகள் சேரும் இடத்திலும் லினன் துணிப் பட்டை ஒட்டுவார்கள், பின்னாளில் மரம் அசைந்தால் மேலே விரிசல் தெரியாமலிருக்க. அப்புறம் சாக்குத்தூளை, அதாவது வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பொடியை, வச்சிரத்தில் குழைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே சாக்கு, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஜிப்சம். காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்துத் தந்தம் போல வழுவழுப்பாக்குவார்கள்.

இந்த இடத்தில்தான் ஓவியரின் கை தெரியும். வெள்ளைப் பூச்சு தடித்தால் சிற்பி செதுக்கிய கண்ணிமை, உதட்டோரம் எல்லாம் மழுங்கிவிடும். தேர்ந்த ஓவியர் அந்தப் பூச்சிலேயே மறுபடி கூர்மையாக வெட்டிக் கொடுப்பார். ஆக, நாம் பார்க்கும் முகத்தின் கடைசி வடிவம் சில நேரம் மரத்தில் இல்லை, அந்தச் சாக்குப் பூச்சில் இருக்கிறது.

பொன் வரவேண்டிய இடத்தில் சிவப்புக் களிமண்ணை மெல்லிய பூச்சாகத் தடவுவார்கள். அதை ஈரமாக்கி, மேலே தங்க ரேக்கை வைத்து, காய்ந்தபின் அகேட் கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அடியில் இருக்கும் சிவப்புதான் தங்கத்துக்கு அந்தச் சூட்டைக் கொடுக்கிறது. பழைய சுரூபங்களில் தங்கம் தேய்ந்த முழங்காலிலும் மடிப்பின் விளிம்பிலும் அந்தச் சிவப்பு எட்டிப்பார்க்கும்.

எல்லா இடத்திலும் முழுத் தங்கம் கட்டுபடியாகாது. தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்தே தட்டிய மலிவு ரேக்கு ஒன்று இருந்தது, கண்ணுக்கு அதிகம் படாத இடங்களில் அதை ஒட்டினார்கள். வெள்ளி ரேக்கின் மேல் பச்சையோ சிவப்போ கண்ணாடி போன்ற வண்ணத்தைப் பூசினால் பட்டுத்துணி மாதிரி மின்னும். ஆனால் வெள்ளி நாளாவட்டத்தில் கறுத்துவிடும், அதனால் இன்று அந்த இடங்கள் அழுக்காகத் தெரிகின்றன. அழுக்கு அல்ல அது, ஒருகாலத்துப் பளபளப்பு.

நீலம் அசுரைட் என்ற செம்புக் கனிமம். அதை ரொம்ப நைசாக அரைத்தால் வெளுத்துப்போகும், கொரகொரப்பாக இருந்தால்தான் ஆழ்ந்த நீலம் வரும். ஆகவே அதைப் பசையில் கலந்து, மெருகில்லாமல், வெல்வெட் போலப் பூசினார்கள். மாதாவின் அங்கிக்கு வெளியே மின்னும் தங்கமும் உள்ளே மங்கிய நீலமும் அமைவது இதனால்தான். ஒளியை ஒன்று திருப்பி அடிக்கிறது, ஒன்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை நினைத்துப் பாருங்கள்.

முகமும் கைகளும் கடைசி. ஈய வெள்ளையில் சாதிலிங்கச் சிவப்பைச் சேர்த்து எண்ணெயில் குழைத்த பூச்சு. ஈரம் காயும் முன்பே கன்னத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பைக் கலந்துவிடுவார்கள், அதனால் எல்லை தெரியாது. பாடுபட்ட சுரூபங்களில், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவங்களில், கையில் நீல நரம்பு ஓடும். காயத்தில் இரத்தம் அரக்குச் சிவப்பில் தடிப்பாக வழியும்.

அங்கியில் நிஜமான சரிகைத் துணி ஒட்டியிருக்கிறார்களா?

அப்படித்தான் தெரியும், ஆனால் துணி இல்லை. இத்தாலியப் பொன்சரிகைப் பட்டு அன்றைக்குப் பெரும் செல்வர்களின் உடை. அதைப் போலவே செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அச்சில் பட்டின் கோலத்தை நூல் நூலாக வெட்டிக்கொள்வது, அதன்மேல் மெல்லிய ஈயத் தகடு போன்ற வெள்ளீயத் தாளை வைத்து அழுத்துவது, பின்புறக் குழிகளைச் சாக்குக் குழம்பாலோ மெழுகாலோ நிரப்புவது, எடுத்துச் சுரூபத்தில் ஒட்டித் தங்க ரேக்கு போட்டுத் தீட்டுவது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நூலின் மேடு பள்ளம் கூடத் தெரியும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே கோலம் சேராமல் போன இடங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஓவியரின் பட்டறையே கண்ணில் வரும்.

நிஜ முடி, கண்ணாடிக் கண்?

கண்ணாடிக் கண் வைத்து அலங்கரித்த சுரூபங்கள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைச் சேர்ந்தவை. நாம் பேசும் காலத்தில் கண்ணும் தீட்டியதே. ஆனால் மரமல்லாத பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் அப்போதே இருந்தது. ஸ்டாக்ஹோம் பெரிய ஆலயத்தில் லூபெக் நகரத்து பெர்ன்ட் நோட்கே 1489இல் முடித்த புனித ஜார்ஜ் சிற்பத்தில், பறவைநாகத்தின் (டிராகன்) முட்கள் நிஜமான எல்க் மான் கொம்புகள்.

அப்படியானால் ரீமன்ஷ்னைடர் ஏன் வண்ணமில்லாமல் விட்டார்?

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்துச் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியோடு வருவார்கள். சரியான கேள்வி. பதிலுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

1490இல் மூனர்ஸ்டாட் என்ற சிறிய ஊர் மகதலா மரியாளின் பெயரால் ஒரு பெரிய பீடத்தை ரீமன்ஷ்னைடரிடம் ஒப்படைத்தது. 1492இல் முடித்துக் கொடுத்தார். உடல் முழுக்க ரோமம் வளர்ந்த மகதலா மரியாளைச் சம்மனசுகள் (வானதூதர்கள்) மேலே தூக்கிச் செல்லும் காட்சி. அவர் அதற்கு வண்ணம் தீட்டவில்லை. மரத்தின் மேல் பழுப்பேறிய ஒரு மெல்லிய பூச்சு மட்டும், அதோடு கண்ணுக்கும் உதட்டுக்கும் கொஞ்சம் நிறம். அதாவது முடிக்காமல் விட்டதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு விட்டது.

ஊராருக்கு அது போதவில்லை. சில ஆண்டுகள் கழித்து வண்ணம் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். அந்த வேலைக்கு வந்தவர் யார் தெரியுமா? நூரம்பர்க்கின் வைட் ஷ்டோஸ், அந்தத் தலைமுறையின் இன்னொரு மாபெரும் சிற்பி. போலந்தின் கிராகோவ் நகரத்து மாதா ஆலயத்தின் பெரிய பீடத்தைச் செய்தவர். பணத்தகராறு ஒன்றில் போலிப் பத்திரம் எழுதி மாட்டிக்கொண்டு, 1503இல் தண்டனையாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இரண்டு கன்னத்திலும் குத்தப்பட்டவர். நகரத்தைவிட்டுப் போகக் கூடாது என்ற கட்டளையை மீறி, மருமகன் இருந்த மூனர்ஸ்டாட்டுக்கு வந்து சேர்ந்தார். 1504-05இல் ரீமன்ஷ்னைடரின் சுரூபங்களுக்கு வண்ணமும் தங்கமும் ஏற்றி, கதவுகளில் நான்கு ஓவியங்களும் தீட்டினார்.

செதுக்கியதற்கு ரீமன்ஷ்னைடருக்கு 145 குல்டன் (அன்றைய நாணயம்). வண்ணத்துக்கும் ஓவியங்களுக்கும் ஷ்டோஸுக்கு 220 குல்டன். 'மேலே கொஞ்சம் பெயின்ட்' என்று சொல்பவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

கதை அங்கே முடியவில்லை. அதே ஷ்டோஸ், முதுமையில், 1520-23இல் செதுக்கிய பீடத்தை வண்ணமில்லாமல் விட்டார். இன்று அது பாம்பர்க் பேராலயத்தில் இருக்கிறது. அதைச் செய்யச் சொன்னவர் அவருடைய மகன் ஆந்த்ரேயாஸ், கார்மேல் சபைத் துறவி, மடத்துத் தலைவர். பின்னால் வரும் தலைவர்கள் அதற்கு எளிதில் வண்ணம் பூசிவிடக் கூடாது என்று அவர் எழுதி வைத்தார். ஆக வண்ணம் வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தக் காலத்துச் சிற்பிகளுக்குள்ளேயே நடந்த வாதம். ஆனால் வண்ணமில்லாதவை சிலவே, அவை தெரிந்தே எடுத்த முடிவுகள். அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் தவறு.

அருங்காட்சியகங்களில் இத்தனை சுரூபங்கள் பழுப்பு மரமாக நிற்கின்றனவே?

அவற்றில் ஏராளமானவை உரிக்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் ரசனை மாறியது. கிரேக்கச் சிலை என்றால் வெள்ளைப் பளிங்கு, மரச்சிற்பம் என்றால் வெறும் மரம், அதுவே 'பொருளுக்கு நேர்மை' என்று நினைத்தார்கள். கிரேக்கச் சிலைகளும் வண்ணம் பூசியவைதான், அது வேறு கதை. சேகரிப்பவர்களுக்கு உளி வேலை தெரிய வேண்டும். வியாபாரிகள் காரத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்தார்கள். நானூறு ஆண்டு வண்ணம் ஒரு பிற்பகலில் போனது.

கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆஸ்திரியாவின் கெஃபர்மார்க்ட் பீடத்தை 1850களில் பூச்சியிடமிருந்து காப்பாற்றப் பாடுபட்டவர் எழுத்தாளர் அடல்பர்ட் ஷ்டிஃப்டர். அவர் இல்லையென்றால் அந்தப் பீடமே இன்று இருந்திருக்காது. அந்தத் திருப்பணியிலேயே மீதமிருந்த பழைய வண்ணமும் போய்விட்டது. அன்பினால் செய்த சேதம் என்பதால் அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

மூனர்ஸ்டாட்டில் ஷ்டோஸ் ஏற்றிய வண்ணமும் பிற்காலத்தில் உரிக்கப்பட்டது. அந்த மகதலா மரியாள் இப்போது மியூனிக்கில் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் வெறும் மரமாக நிற்கிறாள். உரிக்கப்பட்ட மரத்தை எப்படி அடையாளம் காண்பது? மடிப்புகளின் ஆழத்தில், காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்கில் பாருங்கள். சுரண்டும் கத்தி போகாத இடத்தில் வெள்ளைச் சாக்கும் ஒரு துளி நீலமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிறகுப் பீடம் என்றால் என்ன?

பலிபீடத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய மரப்பேழை. நடுவில் சுரூபங்கள், இரண்டு பக்கமும் கதவுகள். சாதாரண நாளில் கதவுகள் மூடியிருக்கும், வெளிப்பக்க ஓவியம் மட்டும் தெரியும். திருவிழா நாளில் திறப்பார்கள், உள்ளே பொன்மயம். சில பீடங்களுக்கு இரண்டு ஜோடிக் கதவுகள், ஆக மூன்று காட்சிகள். தினமும் தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குப் பழகிவிடும் அல்லவா? ஆலய நாட்காட்டியையே கதவாக்கி வைத்திருந்தார்கள்.

கிராகோவ் மாதா ஆலயத்தில் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செய்த பீடம் ஏறக்குறைய 13 மீட்டர் உயரம், திறந்தால் 11 மீட்டர் அகலம். நடுவில் அப்போஸ்தலர்கள் சூழ மாதா சரிந்து உயிர் துறக்கிறாள். அந்த உருவங்கள் ஆள் உயரத்தையும் தாண்டி இரண்டரை மீட்டருக்கு மேல். நண்பகலுக்குச் சற்று முன்பாக அதைத் திறப்பார்கள். கதவு அசைந்து உள்ளே இருக்கும் தங்கம் தெரியும் அந்தக் கணத்தில் கூட்டம் பேச்சை நிறுத்திவிடுகிறது. போனால் அந்த நேரத்தில் போங்கள்.

சுரூபங்களை வழிபாட்டில் அசைத்துப் பயன்படுத்தினார்களா?

ஆமாம், நாம் நினைப்பதைவிட அதிகமாக. குருத்து ஞாயிறன்று, கழுதைமேல் இயேசு அமர்ந்திருக்கும் மரச்சுரூபத்தைச் சக்கரப் பலகையில் வைத்துத் தெருவில் இழுத்துப்போனார்கள். சில பாடுபட்ட சுரூபங்களுக்குத் தோளில் கீல் உண்டு. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கி, கையை மடக்கிக் கல்லறையில் கிடத்துவதற்கு. மூட்டு தெரியாமல் தோல் போர்த்தி அதற்கும் வண்ணம். விண்ணேற்றத் திருநாளில் இயேசுவின் சுரூபத்தைக் கயிற்றில் கட்டி ஆலய விதானத்தின் துளை வழியே மேலே இழுத்தார்கள். தலையில் இரும்பு வளையம் உள்ள சுரூபம் கண்டால் இதுதான் காரணம்.

இவ்வளவு செய்தார்கள் என்றால், மீதி எல்லாம் எங்கே?

16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் முதல் அடி. சீர்திருத்தக்காரர்களில் பலர் சுரூபங்களை விக்கிரகங்கள் என்று எதிர்த்தார்கள். சூரிச்சில் 1524இல் நகர சபையே உத்தரவிட்டு ஆலயங்களிலிருந்து சுரூபங்களை அகற்றியது. பாசலில் 1529, உல்மில் 1531, நெதர்லாந்துப் பகுதிகளில் 1566. உடைத்தார்கள், விறகாக எரித்தார்கள். நூரம்பர்க் லூத்தர் பக்கம் போனாலும் தன் சுரூபங்களை உடைக்கவில்லை. ஷ்டோஸ் 1517-18இல் செய்த மங்கள வார்த்தை சிற்பம், ரோஜா வளையத்துக்குள் மாதாவும் கபிரியேல் சம்மனசும், அங்கே புனித லாரன்ஸ் ஆலயத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. 1817இல் அது கீழே விழுந்து துண்டு துண்டானது. பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள்.

ரீமன்ஷ்னைடரின் வாழ்க்கையும் இந்தக் கொந்தளிப்பில் முறிந்தது. வூர்ட்ஸ்பர்க் மேயராகவும் இருந்தவர். 1525 விவசாயிகள் போரில் நகர சபை ஆயரை எதிர்த்து நின்றதால் சிறையில் சித்திரவதை பட்டார். விரல்களை ஒடித்தார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குப்பின் அவரிடமிருந்து பெரிய வேலை எதுவும் வரவில்லை. 1531இல் இறந்தார்.

அப்புறம் போர்கள். 1939இல் கிராகோவ் பீடத்தைக் கழற்றி ஒளித்துவைத்தார்கள். நாஜிகள் கண்டுபிடித்து நூரம்பர்க்குக் கொண்டுபோய்க் கோட்டை நிலவறையில் வைத்தார்கள். 1946இல் திரும்பிவந்தது, ஆலயத்தில் மறுபடி நிறுத்தியது 1957இல்.

இன்று இவற்றுக்கு எது பகை?

மரத்துக்கு வண்டு, வண்ணத்துக்குக் காற்று. மரவண்டின் புழு உள்ளே பல ஆண்டு தின்றுவிட்டு, வண்டாகி வெளியேறும்போதுதான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை தெரியும். அதற்குள் உள்ளே உளுத்திருக்கும். இப்போதெல்லாம் சுரூபத்தைக் காற்றுப்புகாத உறையில் வைத்து நைட்ரஜனை நிரப்பி, ஆக்சிஜன் இல்லாமல் பூச்சியைக் கொல்கிறார்கள். வண்ணத்துக்குக் கெடுதி இல்லை.

காற்றின் ஈரம் ஏறி இறங்குவது அதைவிடப் பெரிய தொல்லை. மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். மேலே இருக்கும் சாக்குப் பூச்சால் கூடவே போக முடியாது, கூரை போல எழும்பி உதிரும். ஐரோப்பிய ஆலயங்கள் ஐந்நூறு ஆண்டு குளிராகவே இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் பக்தர்களுக்காக ஹீட்டர் வைத்ததும் காற்று வறண்டு, வண்ணம் உதிர ஆரம்பித்தது.

பிற்காலத்தில் மேலே பூசிய வண்ணத்தை எடுத்துவிடலாமா?

இதில் எனக்கு உறுதியான ஒரே பதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு சுரூபத்துக்கு நான்கைந்து முறை வண்ணம் ஏறியிருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையின் பக்தி. எடுத்தால் திரும்ப வராது. அடியில் முதல் வண்ணம் பெருமளவு மிஞ்சியிருக்கிறதா என்று எக்ஸ்ரே, நுண்ணோக்கி வழியாக உறுதி செய்த பின்தான் கை வைக்கலாம். பிரான்சின் கோல்மார் நகரில் ஈசன்ஹைம் பீடத்தின் சுரூபங்களில் அப்படித்தான் நடந்தது. நிக்கோலாஸ் ஹாகனாவர் செதுக்கியவை. 2022இல் முடிந்த பணியில், மங்கிய மேல்பூச்சுகளை நீக்கியதும் முதல் வண்ணம் துடிப்போடு வெளிப்பட்டது. நுண்ணோக்கியில் குனிந்து, சின்னக் கத்தியால், அங்குலம் அங்குலமாகச் செய்யும் வேலை அது.

எங்கே பார்க்கலாம்?

ஆலயத்திலேயே பார்க்க: கிராகோவ், சாங்ட் வொல்ப்காங், ப்ளாவ்பாய்ரன் (1493-94, பழைய வண்ணத்தோடு), ரோத்தன்பர்க், கிரெக்ளிங்கன். கடைசி இரண்டும் ரீமன்ஷ்னைடரின் வண்ணமில்லாத பீடங்கள். அருங்காட்சியகம் என்றால் மியூனிக், நூரம்பர்க், வூர்ட்ஸ்பர்க், பெர்லினின் போடே, லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட். பாரிஸ் லூவ்ருக்குப் போனால் மோனலிசாவோடு திரும்பிவிடாதீர்கள். கிரகோர் எர்ஹார்ட்டின் மகதலா மரியாள் அங்கே இருக்கிறாள், நாலாப் பக்கமும் முழுமையாகச் செதுக்கிய லிண்டன் மரம். தோலின் வண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எங்கள் ஆலயத்தில் பழைய மரச் சுரூபம் இருக்கிறது. திருவிழாவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கோவாவிலும் நம் கடற்கரை ஊர்களிலும் உள்ள பழைய மரச் சுரூபங்கள் இந்தக் காலத்துக்குப் பிந்தியவை, போர்த்துகீசியர் வழியாக வந்த மரபு. ஆனாலும் மரம், பசைப்பூச்சு, ரேக்கு, வண்ணம் என்ற அடுக்கு முறை அதேதான். தயவுசெய்து எனாமல் அடிக்காதீர்கள். எனாமல் இறுகிப் பழைய பூச்சை இழுத்துப் பெயர்க்கும், பிறகு எடுக்கவும் கடினம். ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள், பசையில் குழைத்த நீலமும் மெருகேற்றிய தங்கமும் தண்ணீர் பட்டாலே கரைந்துவரும். மிருதுவான பிரஷால் தூசி தட்டினால் போதும், அதுவும் வண்ணம் உதிராமல் இருந்தால் மட்டும். உதிர்ந்த செதிலைக் குப்பையில் போடாமல் ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் பாதுகாப்புப் பிரிவு இருக்கும், அவர்களிடம் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் வியாகுல மாதாவுக்குப் புது எனாமல் அடித்தார்கள். யாரும் கெடுதல் நினைக்கவில்லை, மாதா பளிச்சென்று இருக்கட்டும் என்று ஊரே காசு போட்டது. அடுத்த மழைக்காலத்தில் கன்னத்தில் எனாமல் தோலாக உரிந்து வந்தது. அதன் உள்பக்கத்தில், பழைய ஓவியர் வைத்த கண்ணீர்த்துளியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.